குடும்பத்தோடு உல்லாசக் கப்பலின் உயர்வகுப்பில்: சிங்கப்பூரிலிருந்து புறப்படுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் தாயார் 1962ஆம் ஆண்டில், பன்னிரண்டு வயதில், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிச் சிங்கப்பூர் வந்தவர். 1926ல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, இன்று போர்ட் கிள்ளான் என்று அழைக்கப்படும் போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்ற வழியில் பல்லாண்டுகள் ஓடியது. அறை எடுத்துப் பயணம் செய்தவர்கள் சிலர். தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்களே மிகப் பலர். தாயாரும் பாட்டியும் தளத்தில் வந்தவர்கள். விடியற்காலையில் பினாங்குக் குன்று கண்ணுக்குத் தெரிந்ததும் எல்லாரும் எழுந்து நின்றதை அவர் எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தக் குன்றை அவர் மீண்டும் கடலிலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே நாங்கள் உயர்வகுப்புப் பயணத்தைப் பற்றி முதன்முதலாக யோசித்தோம். இதுவரை இருமுறை சென்று வந்துவிட்டோம். முதல் பயணத்தில் செய்த பிழைகளும் இரண்டாவது பயணத்தில் சரியாக அமைந்தவையும் பிற குடும்பங்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில், செய்ய வேண்டியவற்றை வரிசைப்படி எழுதுகிறேன்.

முதல் படி: எந்த உயர்வகுப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெரிய கப்பல்களில் 'உயர்வகுப்பு' என்று விற்கப்படுபவை எல்லாம் ஒரே பொருள் அல்ல. ஒருவகை, கப்பலுக்குள் இன்னொரு கப்பல் போல அமைந்தது: தனி மின்தூக்கி அல்லது தனிக் கதவு, தனி உணவகம், தனி நீச்சல்குளம், தனி வரவேற்பாளர்கள், அறைக்குப் பொறுப்பான பட்லர் என எல்லாமே ஒரு சுவருக்குள் இருக்கும். 2016ல் ஜெர்மனியில் கட்டப்பட்டு இப்போது சிங்கப்பூரிலிருந்து பயணம் செய்யும் 'கெந்திங் டிரீம்' கப்பலில் உள்ள 'தி பேலஸ்' இந்த வகையைச் சேர்ந்தது. மற்றொரு வகையில் அறை மட்டுமே பெரிய 'சூட்' அறையாக இருக்கும். கூடவே தனி ஓய்வுக்கூடம், தனி உணவகம், முன்னுரிமை வரிசை போன்ற சலுகைகள் படிப்படியாகச் சேரும். சிங்கப்பூரைத் தாய்த்துறையாகக் கொண்ட 'டிஸ்னி அட்வென்ச்சர்' கப்பலில் 'கான்சியர்ஜ்' என்ற பெயரில் இத்தகைய வகுப்பு உண்டு. பால்கனி அறைக்கு நல்ல மெத்தையையும் வரவேற்புப் பானத்தையும் சேர்த்து 'பிரீமியம்' என்று பெயரிடுவது மூன்றாவது வகை. இதற்குக் கூடுதல் பணம் தருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கப்பல் எவ்வளவு நெரிசலாக இருக்கும் என்பதை ஒரு சிறு வகுத்தல் கணக்கால் ஓரளவு ஊகிக்கலாம். கப்பலின் அளவைச் சொல்லும் 'மொத்த டன்' என்பது எடையைக் குறிப்பதன்று. கப்பலுக்குள் அடைபட்டிருக்கும் இடத்தின் கொள்ளளவிலிருந்து பெறப்படும் எண் அது. அந்த எண்ணை, அறைக்கு இருவர் என்ற கணக்கில் வரும் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒருவருக்கு எவ்வளவு இடம் என்பது விளங்கும். கெந்திங் டிரீம் ஏறத்தாழ 1,50,700 டன், 3,350 பயணிகள்; விடை 45. சிங்கப்பூரிலிருந்தும் பயணம் செய்துள்ள 'ஸ்பெக்ட்ரம் ஆஃப் த சீஸ்' ஏறத்தாழ 1,69,400 டன், 4,200 பயணிகள், விடை 40. பள்ளி விடுமுறையில் ஓர் அறையில் மூவரும் நால்வரும் தங்குவதால் உண்மையான நெரிசல் இதைவிடக் கூடும். அப்படிப்பட்ட வாரங்களில்தான் தனி உணவகமும் தனிக் குளமும் பணத்துக்கேற்ற பயனைத் தருகின்றன. விடுமுறை அல்லாத வாரநாட்களில் கப்பல் முழுவதுமே அமைதியாக இருக்கும்போது, சாதாரண பால்கனி அறையே பல குடும்பங்களுக்குப் போதும்.

இரண்டாம் படி: காலத்தையும் வழியையும் முடிவுசெய்யுங்கள்

பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் குடும்பங்களுக்கு ஜூன் மாத விடுமுறையும் ஆண்டிறுதி விடுமுறையுமே வாய்ப்பு. விலை உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். ஆண்டிறுதியில் செல்வோர் வடகிழக்குப் பருவக்காற்றையும் கருத்தில் கொள்ள வேண்டும். டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை தென்சீனக் கடல் கொந்தளிப்பாக இருக்கக்கூடும். ஆனால் சுமத்ரா தீவு ஒருபுறமும் மலாயாத் தீபகற்பம் மறுபுறமும் காக்கும் மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். முதியவரையோ கைக்குழந்தையையோ முதன்முறை அழைத்துச் செல்வதாக இருந்தால் பினாங்கு, போர்ட் கிள்ளான் வழியே நல்லது.

துறைமுகத்தில் கப்பல் கரையை ஒட்டி நிற்குமா, கடலில் நங்கூரமிட்டு நிற்குமா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். பினாங்கில் ஜார்ஜ்டவுன் நகரின் ஓரத்திலேயே உள்ள சுவெட்டன்ஹாம் துறையில் கப்பல் கட்டப்படுவதால் சக்கர நாற்காலியோடு நேரே இறங்கலாம். புக்கெட்டின் பாத்தோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரமிடும் பெரிய கப்பல்களிலிருந்து சிறு படகில் மாறித்தான் கரை சேர வேண்டும். அலையில் ஆடும் படகுக்குக் கால் எடுத்து வைப்பது முழங்கால் வலி உள்ளவருக்கு எளிதன்று. உயர்வகுப்புச் சீட்டு அந்த ஆட்டத்தைக் குறைத்துவிடாது.

மூன்றாம் படி: குடும்பம் முழுவதும் ஒரே வகுப்பில் இருக்கட்டும்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள்.

முதல் பயணத்தில் நாங்கள் ஒன்பது பேர்: தாயார், என் கணவர், இரு பிள்ளைகள், நான், தம்பி, அவர் மனைவி, அவர்களின் குழந்தை, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண். செலவைக் குறைப்பதற்காக ஒரு சூட் அறையும் இரண்டு பால்கனி அறைகளும் எடுத்தோம். தாயாருக்கு வசதியான அறை கிடைத்துவிட்டது, மற்றவர்கள் அவ்வப்போது அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளலாம் என்று எண்ணினோம். கப்பலேறிய முதல் நாள் மாலையிலேயே அந்த எண்ணம் தவறு என்பது தெரிந்தது. உயர்வகுப்பு உணவகத்தின் கதவு சூட் அறையின் சாவி அட்டைக்கு மட்டுமே திறந்தது. தம்பி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். ஊழியர் மிகப் பணிவோடுதான் விதியைச் சொன்னார். ஒப்பந்தத்தில் அது தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது, நான்தான் படிக்கவில்லை. "நீங்க போய்ச் சாப்பிடுங்க, நான் தம்பியோட கீழேயே சாப்பிட்டுக்கிறேன்," என்று சொல்லிவிட்டுத் தாயார் மின்தூக்கியை நோக்கித் திரும்பினார். மூன்று இரவுகளும் அவர் அந்த உணவகத்துக்குள் காலடி வைக்கவில்லை. யாருக்காக அந்த அறையை எடுத்தோமோ அவரே அதைப் பயன்படுத்தவில்லை.

ஆகவே பதிவு செய்வதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் பெறுங்கள். உயர்வகுப்பு அறையில் பதிவாகாத உறவினர்கள் தனி உணவகத்துக்கும் குளத்துக்கும் ஓய்வுக்கூடத்துக்கும் விருந்தினராக வர முடியுமா? பக்கத்து அறைகள் உட்கதவால் இணைந்தவையா? மூன்றாவது, நான்காவது படுக்கையில் தூங்குவோருக்கும் எல்லாச் சலுகைகளும் உண்டா? பெரும்பாலான கப்பல்களில் முதல் கேள்விக்கு 'முடியாது' என்பதே பதில். எல்லாரையும் உயர்வகுப்பில் அழைத்துச் செல்ல வசதி இல்லையென்றால், எல்லாரும் பால்கனி அறைகளில் அடுத்தடுத்துத் தங்குவதே மேல். இரண்டாவது முறை நாங்கள் ஓர் இரவைக் குறைத்துக்கொண்டு, பணிப்பெண் உட்பட ஒன்பது பேரையும் ஒரே வகுப்பில் பதிவு செய்தோம். பணிப்பெண்ணை உடன் அழைத்துச் செல்வோர் அவருக்கும் இது பொருந்தும் என்பதை மறக்கக்கூடாது; அவர் இல்லாமல் குழந்தையோடு தனி உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது எவ்வளவு கடினம் என்பதைத் தாய்மார்கள் அறிவார்கள்.

அறை கப்பலின் எப்பகுதியில் இருக்கிறது என்பதும் முக்கியம். கப்பல் ஆடும்போது முனைகள் அதிகமாகவும் நடுப்பகுதி குறைவாகவும் அசையும். மேல்தளங்களில் பக்கவாட்டு ஆட்டம் கூடுதலாகத் தெரியும். உயர்வகுப்பு அறைகள் பெரும்பாலும் மேல்தளத்தில், பல கப்பல்களில் முன்பக்கத்தில் அமைந்திருப்பதால், கடல் மயக்கம் வருபவர்கள் தளப்படத்தைப் பார்த்து நடுப்பகுதிக்கு நெருக்கமான எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே உள்ள அறையைத் தவிர்த்துவிடுங்கள்; விடியற்காலையில் நாற்காலிகளை இழுக்கும் ஓசை கேட்கும்.

நான்காம் படி: கணக்குப் போடுங்கள்

விளம்பரத்தில் காணும் விலை, ஓர் அறையில் இருவர் தங்கும்போது ஒருவருக்கு ஆகும் கட்டணம். மூன்றாவது, நான்காவது நபருக்குக் குறையும். தனியாகத் தங்குவோருக்கு ஏறக்குறைய இருவர் கட்டணம் ஆகும். அதற்கு மேல் துறைமுகக் கட்டணமும் வரிகளும், ஒவ்வோர் இரவுக்கும் ஒவ்வொருவருக்கும் விதிக்கப்படும் சேவைக் கட்டணமும் உண்டு. சேவைக் கட்டணம் சூட் அறைகளுக்கு அதிகம். குழந்தைகளுக்கும் அது பெரும்பாலும் பொருந்தும்.

இவற்றைக் கூட்டிய பிறகு, பால்கனி அறைக்கும் உயர்வகுப்பு அறைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு தாளில் எழுதி, உயர்வகுப்பில் இலவசமாகச் சேரும் பானங்கள், இணையம், சிறப்பு உணவகம் ஆகியவற்றில் உங்கள் குடும்பம் உண்மையாகவே பயன்படுத்துபவற்றை மட்டும் கழியுங்கள். மதுவே அருந்தாத குடும்பத்துக்குப் பானப் பொதியால் பயனில்லை. எங்கள் கணக்கில் கழிந்தவை இணையமும் சிறப்பு உணவகமும் மட்டுமே; எஞ்சிய தொகை, தாயார் வரிசையில் நிற்காமல் இருப்பதற்கும் இரைச்சல் இல்லாத இடத்தில் உண்பதற்கும் நாங்கள் கொடுத்த விலை. அது எங்களுக்கு நியாயமாகப் பட்டது. உங்கள் குடும்பத்தில் எல்லாரும் இளையவர்களாகவும் நாள் முழுவதும் நீர்ச்சறுக்கிலும் அரங்கிலும் இருக்க விரும்புபவர்களாகவும் இருந்தால், அதே தொகையில் இன்னொரு பயணமே போய்வரலாம்.

சில நிறுவனங்கள் பயணத்துக்கு முன் ஏலமுறையில் அறை உயர்த்தும் வாய்ப்பைத் தரும். நீங்கள் குறிப்பிடும் தொகை ஓர் அறைக்கா, ஒருவருக்கா என்பதைக் கவனியுங்கள். ஏலத்தில் வென்றால் அடுத்தடுத்துப் பதிவு செய்த அறைகள் பிரிந்துவிடும் என்பதால், பெரிய குடும்பமாகச் செல்வோர் அதில் இறங்காமல் இருப்பது நல்லது.

ஐந்தாம் படி: ஆவணங்கள்

கடப்பிதழ்கள் பயண முடிவிலிருந்து குறைந்தது ஆறு மாதங்களுக்குச் செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு இதற்கு மேல் பெரிய சிக்கல் இல்லை. நிரந்தரவாசிகள் மறுநுழைவு அனுமதி நடப்பில் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். தமிழகத்திலிருந்து வந்திருக்கும் பெற்றோரையோ மாமனார் மாமியாரையோ அழைத்துச் செல்வோர் மிகுந்த கவனத்தோடு இருக்க வேண்டும்: கப்பல் ஏறிய கணமே அவர்கள் சிங்கப்பூரை விட்டு வெளியேறியவர்களாகக் கருதப்படுவார்கள். ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசாவில் வந்தவர் திரும்ப உள்ளே வர முடியாது. பலமுறை நுழையும் விசா இருக்க வேண்டும். கப்பல் நிற்கும் ஒவ்வொரு நாட்டின் விசா விதியும், கரையில் இறங்காவிட்டாலும் பொருந்தக்கூடும்.

கடல்வழியாகத் திரும்பும்போது சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உட்பட அனைவரும் சிங்கப்பூர் வருகை அட்டையை, வந்து சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்தின் தளத்தில் அதற்குக் கட்டணம் இல்லை. கட்டணம் கேட்கும் தளங்களைத் தவிர்க்கவும்.

பெற்றோர் இல்லாமல் தாத்தா பாட்டியோடு வரும் சிறுவர்களுக்கு ஒப்புதல் கடிதம் தேவைப்படும். பெரும்பாலான நிறுவனங்கள் ஆறு மாதம் நிறையாத குழந்தையையும், 24 வாரத்தை எட்டும் கர்ப்பிணியையும் ஏற்பதில்லை. பயணக் காப்புறுதி எடுக்கும்போது கப்பல் பயணமும், நடுக்கடலிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் செலவும் அடங்குமா என்று கேளுங்கள். கப்பல் மருத்துவர் திறமையானவராக இருப்பார். ஆனால் அவர் கட்டணம் நம் பலதுறை மருந்தகக் கட்டணம் போன்றதன்று.

ஆறாம் படி: தேவைகளை முன்பே சொல்லுங்கள்

சக்கர நாற்காலி, குழந்தைத் தொட்டில், நீரிழிவுக்கான ஊசிகளை வைக்கச் சிறு குளிர்பெட்டி, குளியலறைக் கைப்பிடி ஆகியவற்றைப் பதிவின்போதே எழுத்தில் கேட்க வேண்டும். பல கப்பல்களில் குளியலறை வாசலிலும் பால்கனி வாசலிலும் உயர்ந்த நிலைப்படி இருக்கும். இரவில் எழுந்து செல்லும் முதியவருக்கு அது ஆபத்து. நிலைப்படி இல்லாத அறைகள் சில உண்டு என்றாலும் அவை விரைவில் தீர்ந்துவிடும்.

சிங்கப்பூரிலிருந்து புறப்படும் பெரிய கப்பல்களில் இந்திய உணவும் சைவ உணவும் பொதுவாகக் கிடைக்கின்றன. ஆயினும் முட்டையும் சேர்க்காத சைவம் என்றால் அதை விளக்கிச் சொல்ல வேண்டும். 'வெஜிடேரியன்' என்ற ஒரு சொல் போதாது. உயர்வகுப்பின் உண்மையான பயன்களில் ஒன்று இங்கே கிடைக்கிறது: சிறிய சமையலறை என்பதால், மறுநாள் காலைக்கு என்ன வேண்டும் என்று முந்தைய இரவே சொல்லிவைக்கலாம். தாயாருக்குக் குழைவான சோறும் மிளகு ரசமும் வேண்டும் என்று பட்லரிடம் சொன்னோம். சமையற்காரர் தாமே வந்து எவ்வளவு மிளகு என்று கேட்டுப் போனார்.

ஏழாம் படி: பெட்டி கட்டுதல்

சோறு பொங்கும் கலம், இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் கொதிக்கவைக்கும் மின்கேத்தல் ஆகியவற்றைத் தீ அபாயம் கருதிக் கப்பலில் அனுமதிப்பதில்லை. வீட்டில் சமைத்த உணவும் பொதுவாக ஏற்கப்படாது. கடையில் வாங்கிய, முத்திரை பிரிக்காத உலர் தின்பண்டங்களுக்குத் தடை குறைவு. மருந்துகள், கண்ணாடி, கடப்பிதழ், ஒரு மாற்று உடை ஆகியவை கைப்பையில் இருக்கட்டும், ஏனெனில் பெரிய பெட்டிகள் அறைக்கு வர மாலையாகிவிடும்.

எட்டாம் படி: புறப்படும் நாள்

நம் ஊரில் உல்லாசக் கப்பல் நிலையங்கள் இரண்டு. 2012ல் திறக்கப்பட்ட மரினா பே நிலையத்துக்கு அருகில் மரினா சவுத் பியர் எம்ஆர்டி நிலையம் உள்ளது. மற்றொன்று ஹார்பர்ஃபிரண்டில் இருக்கிறது. சீட்டில் எது எழுதியிருக்கிறது என்று பார்த்த பிறகே டாக்சி அழையுங்கள். உயர்வகுப்புப் பயணிகளுக்குத் தனி முகப்பும் பெரும்பாலும் உட்காரும் கூடமும் உண்டு, ஆனால் குடிநுழைவுச் சோதனை எல்லாருக்கும் ஒன்றே. குறிப்பிட்ட நேரத்துக்கு மிக முன்னதாகச் சென்றால் காத்திருக்கத்தான் வேண்டும்.

கப்பலில் ஏறியதும் செய்ய வேண்டிய முதல் வேலை பாதுகாப்புப் பயிற்சி. 2012ல் 'கோஸ்டா கொன்கோர்டியா' என்ற உல்லாசக் கப்பல் விபத்துக்குள்ளான பிறகு அனைத்துலக விதி திருத்தப்பட்டு, 2015 முதல் கப்பல் புறப்படுமுன்போ புறப்பட்ட உடனேயோ இந்தப் பயிற்சி நடந்தாக வேண்டும். ஏழு குறுகிய ஒலிகளும் அதைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் கூடுமிடத்துக்குச் செல்ல வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கும் பணிப்பெண்ணுக்கும் தமிழிலோ அவரவர் மொழியிலோ விளக்குங்கள். முதியவரோடு கூடுமிடம் வரை ஒருமுறை நடந்து பாருங்கள்; அவசரத்தில் மின்தூக்கி இயங்காது என்பதால் படிக்கட்டில் அவரை யார் தாங்கிச் செல்வது என்பதையும் அப்போதே முடிவுசெய்துவிடுங்கள்.

கைப்பேசியை விமானப் பயண நிலைக்கு மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால், கரை மறைந்ததும் அது கப்பலின் செயற்கைக்கோள் தொடர்பில் தானாக இணைந்து, பெரும் கட்டணத்தை வரவழைக்கும். கப்பலின் வைஃபை மட்டும் போதும்.

ஒன்பதாம் படி: கப்பலில் நாட்களைக் கழித்தல்

பட்லரிடம் வேலை சொல்லக் கூச்சப்படுபவர்கள் நம்மில் பலர். தாயார் தம் படுக்கையைத் தாமே மடித்துவைத்துவிடுவார். முதல் நாளே குடும்பத்தில் ஒருவர் பட்லரோடு பத்து நிமிடம் அமர்ந்து, யார் எப்போது எழுவார், யாருக்கு எந்த நேரத்தில் மருந்து, எந்தக் காட்சிக்கு எத்தனை இருக்கை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டால், பிறகு ஒவ்வொன்றாகக் கேட்கும் சங்கடம் இராது. பால்கனியில் நாற்காலிகளைக் கைப்பிடிச் சுவரிலிருந்து தள்ளிவைத்து, குழந்தை இருக்கும் நேரத்தில் கதவின் மேல்தாழைப் போட்டுவிடுங்கள்.

பினாங்கை அடையும் காலையில் பால்கனியை யாரும் தவறவிடக் கூடாது. நாங்கள் விடியலுக்கு முன்பே எழுந்தோம். தாயார் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றார். குன்று தெளிந்ததும் அவர் காட்டியது குன்றை அன்று, தண்ணீரை. தளம் கடலுக்கு அவ்வளவு அருகில் இருந்ததாம், இப்போது இவ்வளவு உயரத்தில் நிற்கிறோமே என்று பிள்ளைகளிடம் சொன்னார். பிள்ளைகள் அவரிடம் அந்தப் பயணத்தைப் பற்றி அன்று காலை முழுவதும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

பத்தாம் படி: கரையில் ஒரு நாள்

பினாங்கில் கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவை எடுக்க வேண்டியதில்லை. 2008ல் உலக மரபுடைமைத் தலமான ஜார்ஜ்டவுன் துறைமுகத்தின் வாசலிலேயே தொடங்குகிறது. 1833ல் தோன்றிய மகாமாரியம்மன் கோயில் குவீன் ஸ்திரீட்டில் உள்ளது; லிட்டில் இந்தியாவும் அதைச் சுற்றியே இருக்கிறது. நடக்க முடிந்தவர்கள் நடக்கலாம், முடியாதவர்களுக்கு வாடகை வண்டி சில நிமிடம்தான். கோயில் நடை சாத்தும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு காலையிலேயே செல்லுங்கள். தனியாகச் சென்றவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது. கடைசி ஏறும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாகத் திரும்பிவிடுங்கள். உங்கள் கடிகாரம் கப்பல் நேரத்தையே காட்டட்டும்.

கடைசிப் படி: திரும்புதல்

இறங்குவதற்கு முந்தைய இரவு பெரிய பெட்டிகளை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாளைக்கு வேண்டிய உடையையும் மருந்தையும் அவற்றுக்குள் வைத்துவிடாதீர்கள்; என் கணவர் முதல் பயணத்தில் இரவு உடையோடு இறங்க நேர்ந்தது. கணக்குச் சீட்டை அன்றிரவே வரிவரியாகச் சரிபார்த்து, தவறு இருந்தால் உடனே சொல்லுங்கள், ஏனெனில் காலையில் முகப்பில் நீண்ட வரிசை இருக்கும். 48 மணி நேரத்துக்குக் குறையாமல் வெளிநாட்டில் இருந்தவருக்கு 500 வெள்ளி வரையிலான பொருள்களுக்கு, ஜிஎஸ்டி எனப்படும் பொருள், சேவை வரியிலிருந்து விலக்கு உண்டு. சிகரெட்டுக்குச் சலுகை எதுவும் இல்லை. மலேசியாவிலிருந்து வருவோருக்கு மதுவுக்கும் இல்லை.

உயர்வகுப்புப் பயணிகளை முதலில் இறக்குவார்கள் என்றாலும் அவசரப்பட வேண்டாம். சக்கர நாற்காலி உதவியை எந்த நேரத்துக்குக் கேட்டிருக்கிறீர்களோ அந்த நேரம் வரை ஓய்வுக்கூடத்தில் காலை உணவோடு உட்கார்ந்திருங்கள். நாங்கள் அப்படித்தான் இருந்தோம். தாயார் இரண்டாவது காப்பியைக் குடித்துக்கொண்டே, சாவி அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றதும் அதைத் தம் கைப்பையில் போட்டுக்கொண்டார்.